கார்த்திகையில் வெள்ளை பூத்த சிவப்புக் கார்

பாளையங்கோட்டையிலிருந்து ஒரு தம்பி எழுதிக் கேட்டிருக்கிறார். 5,000 ரூபாய்க்குப் பக்கத்தில் கொடுத்து, ஃபோக்ஸ்வேகன் பீட்டில் காரின் 1/24 அளவு பிளாஸ்டிக் கிட், அதாவது பாகம் பாகமாக வந்து நாமே ஒட்டிச் செய்யும் மாதிரி ஒன்றை வரவழைத்திருக்கிறார். கார்த்திகை மாதத்து ஞாயிற்றுக்கிழமை, வெளியே தூறிக்கொண்டிருந்தபோது மாடிப்படிக்குக் கீழே நின்று சிவப்பு ஸ்ப்ரே அடித்திருக்கிறார். பத்தே நிமிடத்தில் சிவப்பின்மேல் விபூதி பூசியதுபோல வெள்ளை பூத்துவிட்டது. அதை மறைக்க மேலும் மேலும் அடித்ததில் கதவுக்கோடுகள் காணாமல் போய்விட்டன. ஆத்திரத்தில் முன்கண்ணாடியையாவது ஒட்டிப் பார்ப்போம் என்று உடனே ஒட்டும் பசையால் ஒட்ட, அதுவும் புகை படிந்ததுபோல மங்கிவிட்டது. "அண்ணாச்சி, என் கை சரியில்லையா, சாமான் சரியில்லையா, இல்லை இந்த ஊர்தான் இதற்குச் சரிப்படாதா? வேலைக்குப் போகிற பையன் பொம்மை செய்கிறான் என்று வீட்டில் வேறு சிரிக்கிறார்கள்" என்கிறார்.

தம்பி, உங்கள் கையும் சரி, சாமானும் சரி. ஊரும் சரிதான். மாதம்தான் சரியில்லை. கார்த்திகையில் நம் ஊரில் யாராவது வடகம் பிழிந்து மாடியில் காயவைப்பார்களா? பெயிண்டுக்கும் அதே கணக்குதான்.

ஸ்ப்ரே டப்பாவில் இருப்பது லாக்கர் வகைப் பெயிண்ட். அதிலுள்ள கரைப்பான் மிக வேகமாக ஆவியாகும். ஆவியாகிப் போகிற எதுவும் தான் இருந்த இடத்தைக் குளிரவைத்துவிட்டுப் போகும். ஊசி போடுவதற்கு முன் ஸ்பிரிட் தடவினால் சில்லென்று இருப்பது அதனால்தான். காரின் மேற்பரப்பு அப்படிச் சட்டென்று குளிரும்போது, ஐஸ் தண்ணீர் ஊற்றிய டம்ளர் வெளிப்புறம் வியர்ப்பதுபோல, காற்றிலுள்ள ஈரம் அதன்மேல் படிகிறது. இன்னும் காயாத பெயிண்டுக்குள் அந்த ஈரம் சிக்கிக்கொண்டு, மேற்பரப்பைப் பொரியவைத்துவிடுகிறது. பொரிந்த பரப்பு வெளிச்சத்தைச் சிதறடிக்கிறது; நம் கண்ணுக்கு அது வெள்ளையாகத் தெரிகிறது. காற்றின் ஈரப்பதம் 70 சதவீதத்தைத் தாண்டிவிட்டால் நான் டப்பாவைக் குலுக்குவதுகூட இல்லை. ஈரப்பதம் காட்டும் சின்னக் கருவி சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. காற்றழுத்தத்தில் பெயிண்ட் தெளிக்கும் ஏர்பிரஷ் வாங்க ஆசைப்படுவதற்கு முன் அதை வாங்குங்கள்.

நம் சீமைக்கென்று ஒரு பெயிண்ட் பஞ்சாங்கமே இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகை இரண்டும் வடகிழக்குப் பருவமழைக்கு உரியவை. அப்போது ஒட்டலாம், தேய்க்கலாம், பெயிண்ட் மட்டும் வேண்டாம். மார்கழியில் பனி இறங்குவதற்கு முன்னும், வெயில் ஏறிய பின்னும் அடித்துக்கொள்ளலாம். தை தொடங்கிப் பங்குனி வரை பொற்காலம். சித்திரை வெயிலில் இதற்கு நேர்மாறான கோளாறு வரும்: டப்பாவிலிருந்து கிளம்பிய துளிகள் காரைத் தொடுவதற்குள் பாதி காய்ந்து, மேற்பரப்பு ரவை தூவியதுபோலச் சொரசொரப்பாகிவிடும். அந்த மாதங்களில் காலை எட்டு மணிக்குள் வேலையை முடித்துவிட வேண்டும். ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாயிலும் ஆரல்வாய்மொழிக் கணவாயிலும் புகுந்து வருகிற காற்று, காற்றாலைகளுக்கு நல்லது. ஈரமான பெயிண்டுக்கு எமன். புழுதியையும் சருகையும் அள்ளிக்கொண்டு வந்து நேராக நம் காரின் கூரையில் இறக்கிவிட்டுப் போகும். ஒருமுறை கட்டெறும்பு ஒன்று இறக்கையோடு வந்து பானெட்டில் உட்கார்ந்து அங்கேயே சமாதியாகிவிட்டது.

வெளிநாட்டுக்காரர்கள் சொல்லும் யோசனைகளை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்கு ஒரு உதாரணம். ஸ்ப்ரே டப்பாவை வெதுவெதுப்பான தண்ணீரில் சற்று வைத்து எடுத்து அடித்தால் அழுத்தம் கூடி, துளிகள் மெல்லியதாக வரும் என்பார்கள். உண்மைதான். குளிர்நாட்டில், பனிக்காலத்தில் அது தேவை. சித்திரையில் நம் வீட்டு அலமாரியில் இருக்கும் டப்பா தானே வெதுவெதுப்பாகத்தான் இருக்கிறது. அதை மேலும் சூடாக்கினால் ஆபத்துதான் மிச்சம்.

இப்போது, உங்கள் கடிதத்தில் நீங்கள் கேட்காத கேள்விக்கு வருகிறேன். பெட்டியைத் திறந்ததும் நமக்கு இது ஒட்டுகிற வேலை என்றுதான் தோன்றும். பாகங்கள் ஒரு பிளாஸ்டிக் சட்டத்தில் எண் போட்டு வரிசையாக இருக்கின்றன, படம் போட்ட தாள் இருக்கிறது, ஒன்றோடொன்று ஒட்டினால் கார். விமானமும் டாங்கியும் அப்படி இருக்கலாம். கார் அப்படி இல்லை. கார் என்றால் மேலே இருக்கிற பாடிதான், பாடி என்றால் பெயிண்ட்தான். உள்ளே எஞ்சினில் ஐம்பது பாகத்தைத் துல்லியமாகப் பொருத்தியிருப்பீர்கள். பார்க்க வந்தவர் கண்ணில் முதலில் படுவது பானெட்டின் பளபளப்பு மட்டுமே. அந்தப் பளபளப்பைக் கற்றுத்தரும் ஆசிரியர் ஜப்பானில் இல்லை. உங்கள் தெருமுனையில், டிங்கரிங் பட்டறையில் இருக்கிறார்.

எனக்குக் கற்றுத்தந்தவர் தச்சநல்லூர்ப் பக்கம் ஒரு பட்டறையில் பெயிண்டராக இருந்த அண்ணாச்சி. பழைய வேன்களுக்குப் பட்டி பார்த்து, வாட்டர் பேப்பர் என்கிற உப்புத்தாள் போட்டு, பெயிண்ட் அடித்துப் புதிதாக்குகிறவர். பல வருடங்களுக்கு முன் ஒரு பிளாஸ்டிக் கார் பாடியை அவரிடம் எடுத்துப்போய், "இதில் ஏன் அலை அலையாகத் தெரிகிறது?" என்று கேட்டேன். சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கி, ட்யூப்லைட்டுக்குக் கீழே பிடித்து மெல்லச் சாய்த்தார். "வண்டியைப் பார்க்காதீர்கள். லைட்டைப் பாருங்கள்" என்றார். பானெட்டில் விழுந்த ட்யூப்லைட்டின் பிம்பம் நேர்கோடாக ஓடி, முன்சக்கரத்துக்கு மேலே வந்ததும் நடுங்கி வளைந்தது. பிளாஸ்டிக்கை வார்த்த அச்சு இரண்டாகப் பிரிகிற இடத்தில் மயிரிழைபோல ஒரு கோடு இருந்திருக்கிறது. நான் தேய்க்காமல் விட்டது. வெறும் பிளாஸ்டிக்கில் கண்ணுக்குத் தெரியாத அந்தக் கோட்டைப் பெயிண்ட் அடித்த பிறகு பத்தடி தூரத்திலிருந்து பார்க்கலாம்.

ஆகவே முதல் வேலை அந்த அச்சுக்கோட்டைத் தேடுவது. பெரும்பாலும் முன் மட்கார்டின் உச்சியிலும், கூரையின் ஓரத் தூண்களிலும், பம்பர் முனைகளிலும் ஓடும். பாடியை விளக்குக்கு எதிரே சாய்த்து, நகத்தை மெல்ல ஓட்டிப் பாருங்கள். கண் ஏமாந்தாலும் நகம் ஏமாறாது. 600 எண் வாட்டர் பேப்பரில் தொடங்கி 1000 வரை, தண்ணீர் தொட்டுத்தான் தேய்க்க வேண்டும். பேப்பரைச் சின்னதாகக் கிழித்து அழிரப்பர் துண்டில் சுற்றிக்கொண்டால் பரப்பு சமமாக வரும். வெறும் விரலால் தேய்த்தால் விரலின் பள்ளம் அப்படியே பாடியில் இறங்கும். பிறகு பாத்திரம் கழுவும் சோப்பில் கழுவி, நிழலில் காயவைக்க வேண்டும். பாகம் அச்சில் ஒட்டாமல் வருவதற்குத் தொழிற்சாலையில் எண்ணெய்ப் பசை மாதிரி ஒன்றைப் பயன்படுத்துவார்கள்; அது கொஞ்சம் தங்கியிருந்தாலும் பெயிண்ட் பிடிக்காது.

கதவுக்கோடுகள் மறைந்ததற்குக் கணக்கைப் பார்த்தால் புரியும். நிஜக் காரில் பெயிண்டின் மொத்தத் தடிமன் சுமார் 0.1 மில்லிமீட்டர். நம் சின்னக் காரிலும் பிரைமர் என்கிற அடிப்பூச்சு, நிறம், மேல்பூச்சு எல்லாம் சேர்ந்தால் அதே அளவு வந்துவிடும். 24 மடங்கு பெரிதாக்கிப் பார்த்தால் 2.4 மில்லிமீட்டர். தோசை மாவைக் கரண்டியால் ஊற்றி மொழுகியதுபோல! நிஜக் காரில் கதவுக்கும் பாடிக்கும் இடையே 4 மில்லிமீட்டர் இடைவெளி என்றால், 1/24 அளவில் அது 0.17 மில்லிமீட்டர். நாலு பூச்சு கனமாக அடித்தால் அந்த வாய்க்கால் தூர்ந்துபோகத்தானே செய்யும்? எனவே பிரைமருக்கு முன்பே, கத்தி முனையின் பின்பக்கத்தால், ஏற்கனவே இருக்கும் கோட்டின்மேல் ஐந்தாறு முறை மெல்ல இழுத்து ஆழமாக்கிக்கொள்ள வேண்டும். அழுத்தக் கூடாது. அழுத்தினால் கத்தி தடம் மாறிக் கதவின் நடுவே ஓடிவிடும். அப்புறம் பட்டி பார்க்கிற வேலை.

பெயிண்ட் அடிக்கும்போது முதல் இரண்டு பூச்சு பேருக்குத்தான். ஒரு சாண் தூரத்தில் பிடித்து, காருக்கு வெளியே தொடங்கி, காரைக் கடந்து வெளியே நிறுத்துங்கள். காருக்கு நேரே இருக்கும்போது டப்பாவின் பொத்தானிலிருந்து விரலை எடுக்கவும் கூடாது, வைக்கவும் கூடாது. முதல் பூச்சில் கார் அம்மை போட்டதுபோலப் புள்ளி புள்ளியாகத்தான் தெரியும். பார்க்கச் சகிக்காது. அதை அப்படியே விட்டுவிட்டு ஒரு காபி குடித்துவிட்டு வருகிறவன்தான் பெயிண்டர். மூன்றாவது பூச்சில்தான் ஈரமாக, பளபளவென்று மூடவேண்டும். காற்றடிக்கும் மாதமென்றால் பட்டறைக்காரர்கள் தரையில் தண்ணீர் தெளித்துப் புழுதியை அடக்கிவிட்டு அடிப்பார்கள், நீங்களும் செய்யலாம். மழைக்காலத்தில் செய்தால் அடுத்த கடிதமும் எனக்குத்தான் வரும்.

சிவப்பைப் பற்றித் தனியாக ஒரு வார்த்தை. சிவப்பும் மஞ்சளும் அடியில் இருப்பதை மறைக்கத் தெரியாத நிறங்கள். சாம்பல் நிறப் பிரைமருக்கு மேல் சிவப்பு அடித்தால் காய்ந்த மிளகாய் நிறம்தான் வரும். இளஞ்சிவப்போ வெள்ளையோ அடியில் கொடுத்தால்தான் பழுத்த மிளகாய். கறுப்பு, தூசியின் கடைசித் துகளைக்கூடக் காட்டிக்கொடுக்கும். முதல் காருக்கு வெளிர்நீலமோ வெளிர்பச்சையோ நல்லது. பீட்டிலுக்கு அந்த இரண்டும் பொருத்தமும்கூட.

தின்னரில் நான் பட்ட பாட்டையும் சொல்லிவிடுகிறேன். என் இரண்டாவது காரைப் பெயிண்ட் அடிப்பதற்கு முன் துடைக்க வேண்டுமென்று, ஹார்டுவேர் கடையில் சில்லறையாக ஊற்றிக்கொடுத்த லாக்கர் பெயிண்டைக் கரைக்கும் என்.சி. தின்னரைத் துணியில் நனைத்துத் துடைத்தேன். தகரத்தைத் துடைக்கிற நினைப்பு. பானெட் ஒரு நொடி பளபளத்தது, அடுத்த நொடி பிசுபிசுத்தது. பதறிப்போய்க் கட்டைவிரலால் தொட்டேன். அந்த ரேகை இன்றைக்கும் அந்தப் பானெட்டில் இருக்கிறது, பத்திர ஆபீசில் வைத்த கைநாட்டுபோல. இந்தக் கிட்களின் பிளாஸ்டிக், பாலிஸ்டைரின். தின்னரிலுள்ள டொலுவீன், அசிட்டோன் போன்றவை பாலிஸ்டைரினைக் கரைத்துவிடும். நகப்பூச்சு அழிக்கும் திரவமும் அப்படித்தான்.

ஆனால் அதே குணத்தை வைத்துத்தான் நாம் ஒட்டுகிறோம். பிளாஸ்டிக் மாடலுக்கான மெல்லிய திரவப் பசையில் உண்மையில் பசையே இல்லை, கரைப்பான்தான். இரண்டு பாகங்களையும் சேர்த்துப் பிடித்து, இடுக்கில் தூரிகை முனையால் ஒரு சொட்டுத் தொட்டால், அது தானாக இடுக்கு முழுவதும் ஓடும். இரண்டு பக்கத்துப் பிளாஸ்டிக்கும் கரைந்து ஒன்றாகி, பிறகு இறுகும். ஒட்டுவதைவிட வெல்டிங் என்பதுதான் சரியான சொல். சட்டத்தின் துண்டுகளைப் பொடியாக நறுக்கி அதே திரவத்தில் ஊறப்போட்டால் ஒரு நாளில் கூழாகிவிடும். இடைவெளியை அடைக்க இதைவிட நல்ல பட்டி கிடையாது, அதே பிளாஸ்டிக் ஆயிற்றே. சட்டத்துண்டு ஒன்றை மெழுகுவர்த்திச் சுடருக்கு மேலே உருட்டிக் காட்டி, தளர்ந்ததும் இரண்டு பக்கமும் இழுத்தால் தலைமுடி அளவுக்கு இழை வரும். ரேடியோ ஆன்டெனாவுக்கு அது போதும். திரவப் பசைப் புட்டியை மட்டும் அந்தப் பக்கம் வைத்துக்கொள்ளாதீர்கள், தீப்பிடிக்கும்.

உங்கள் முன்கண்ணாடி மங்கியதும் இதன் தொடர்ச்சிதான். உடனே ஒட்டும் பசையிலிருந்து வருகிற ஆவி, ஈரத்தைத் தொட்டதும் இறுகும் தன்மையுள்ளது. கார்த்திகையில், மூடிய பாடிக்குள், அது கண்ணாடியில் வெள்ளையாகப் படியாமல் வேறு என்ன செய்யும்? மங்கலை ரப்பிங் காம்பவுண்ட் தொட்டுப் பஞ்சால் பொறுமையாகத் தேய்த்தால் பெரும்பாலும் போய்விடும். இனிமேல் கண்ணாடிக்கு ஃபெவிகால் மட்டும். ஈர்க்குச்சி முனையில் தொட்டு வையுங்கள். காய்ந்தால் நிறமற்றுப்போகும், வழிந்ததை ஈரப் பஞ்சால் துடைத்துவிடலாம்.

ஈர்க்குச்சி என்றதும் சாமான்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெரிய பட்டியல் எதுவும் தேவையில்லை. எலக்ட்ரானிக்ஸ் கடையில் ஒயர் நறுக்க விற்கும் சின்ன நிப்பர், மாற்றக்கூடிய அலகுள்ள கத்தி, இடுக்கி, வாட்டர் பேப்பர், துணி மாட்டும் கிளிப்புகள் போதும். பாகத்தைச் சட்டத்திலிருந்து வெட்டும்போது ஒரே வெட்டாக ஒட்ட வெட்டாதீர்கள். முதலில் சற்றுத் தள்ளி வெட்டி, மிச்சத்தை இரண்டாவதாக வெட்டி, கடைசியில் தேயுங்கள். இல்லையென்றால் பிளாஸ்டிக் வெளுத்துப்போகும், சில சமயம் பாகத்திலிருந்தே ஒரு துணுக்கு பிய்ந்து வரும். மூச்சுக்கு மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். துணி முகக்கவசம் பெயிண்ட் ஆவியைத் தடுக்காது. கரிம ஆவிகளைத் தடுக்கும் வடிப்பான் பொருத்திய முகமூடி வேண்டும். காற்றோட்டமான இடமும் வேண்டும். மாடிப்படிக்கு அடியில், அதுவும் பக்கத்தில் சமையலறை இருந்தால், நிச்சயமாக வேண்டாம்.

பாடியில் வேலையைத் தொடங்குவதற்கு முன் அடிச்சட்டத்தை உள்ளே நுழைத்துப் பார்த்துவிடுங்கள். எல்லாம் முடிந்தபின் நுழையாமல் அடம்பிடித்து, நெம்பியதில் கதவுக்குக் கீழே விரிசல் விட்ட கதை என்னிடம் இரண்டு உண்டு. பாடிக்கு ஒரு பூச்சு அடித்துக் காயவைத்த இடைவேளைகளில் இருக்கை, ஸ்டியரிங், சக்கரம் எல்லாம் தாமாக முடிந்துவிடும். காயட்டும் என்று வெயிலில் வைக்காதீர்கள். பெயிண்ட் அடித்த பாடி ஒன்றை நிஜக் காரின் பின்கண்ணாடிக்கு அடியில் வைத்துவிட்டு, கல்யாண வீட்டுக்குள் சாப்பிடப் போனேன். பந்தியில் இரண்டாவது பாயசம் வாங்கியிருக்கக் கூடாது. திரும்பி வந்தபோது கூரை நடுவில் தொட்டில்போலத் தொய்ந்திருந்தது.

பீட்டிலின் பக்கவாட்டில் ஓடும் குரோம் பட்டைக்குத் தூரிகையும் வெள்ளி நிறமும் வேண்டாம். எவ்வளவு கவனமாகத் தீட்டினாலும் அலுமினியப் பாத்திரம்போல இருக்கும். பின்பக்கம் பசை தடவிய, மிக மெல்லிய உலோகத்தாள் இதற்கென்றே விற்கிறது. பட்டையின்மேல் ஒட்டி, பல்குச்சியால் நீவி, புதிய அலகால் ஓரத்தை வெட்டி எடுக்க வேண்டும். புதிய அலகு என்பதை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். மழுங்கிய அலகு தாளை இழுத்துக் கிழிக்கும், கீழே இருக்கும் பெயிண்டையும் கீறும். கதவுக்கோடுகளுக்கு டர்பன்டைனில் நன்றாகக் கரைத்த எனாமல் பெயிண்டை ஓடவிடலாம். சிவப்புக் காருக்கு அடர் பழுப்பு, வெள்ளைக் காருக்குச் சாம்பல். எல்லாக் காருக்கும் கறுப்பைப் போட்டால் பள்ளிக்கூடப் பையன் வரைந்த படம்போல ஆகிவிடும். லாக்கருக்கு மேல் எனாமல் ஓடும். எனாமலுக்கு மேல் லாக்கர் அடித்தால் சுருங்கிவிடும். இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

எண்களும் சின்னங்களும் அச்சிட்ட, தண்ணீரில் நனைத்து நகர்த்தும் டீக்கால் தாளை டப்பாவோடு சேர்த்து அலமாரியில் வருடக்கணக்கில் வைக்காதீர்கள். இராமபாணப் பூச்சிக்கு அது விருந்து.

இனி வீட்டார் சிரிப்புக்கு வருவோம். அவர்கள் பக்கம் இந்திய அரசாங்கமே இருக்கிறது, தம்பி. சுங்க அட்டவணையில் அளவு மாதிரிகளும் பொம்மைகளும் ஒரே தலைப்பில்தான் வருகின்றன. பொம்மைகளுக்கான இறக்குமதி வரியை 2020இல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆக்கினார்கள், 2023இல் 70. உங்கள் 5,000 ரூபாயில் ஒரு பங்கு அப்படிப் போனதுதான். ஸ்ப்ரே டப்பாக்களை விமானத் தபாலில் ஏற்றமாட்டார்கள் என்பதால், தரைவழியாக அனுப்பும் இந்தியக் கடைகளிடமே வாங்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

அரசாங்கம் என்ன சொன்னாலும், பொம்மை என்ற சொல்லுக்கு நம் சீமையில் கூச்சப்பட என்ன இருக்கிறது? அம்பாசமுத்திரத்தில் மரச் சொப்பு கடைகிறவர்களைப் பாருங்கள். அம்மி, ஆட்டுரல், திருகை, குடம் எல்லாம் உள்ளங்கை அளவில். கடைசலில் சுழலும் மரத்தின்மேல் அரக்கு வண்ணக் குச்சியை அழுத்த, உரசும் சூட்டில் அரக்கு உருகி மரத்தில் ஏறும். தாழம் ஓலையால் தேய்த்துப் பளபளப்பாக்குவார்கள். பெயிண்ட் பிடிக்க மேற்பரப்பு எப்படி இருக்க வேண்டும் என்று அவர்களுக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. ஜப்பானில் இந்தத் தொழிலின் பெரிய பெயரான டாமியாவும் மரத்தில் தொடங்கியதுதான். ஷிஸுவோகா நகரில் 1946இல் மரம் அறுக்கும் கம்பெனியாக ஆரம்பித்து, மர மாதிரிகள் செய்து, 1960இல் யமட்டோ போர்க்கப்பல் மூலம் பிளாஸ்டிக்குக்கு வந்தார்கள். 1967இல் 1/12 அளவில் ஹோண்டா பந்தயக் கார். பிற்பாடு, போர்ஷே 911இன் பந்தய வடிவமான 934 காரின் மாதிரியைச் சரியாகச் செய்வதற்காக, கம்பெனியை நடத்திய ஷுன்சாகு டாமியா நிஜமான போர்ஷே 911 ஒன்றை விலைக்கு வாங்கி, அக்கக்காகக் கழற்றிப் போட்டு அளவெடுத்தார். அமெரிக்காவில் இது வேறு வழியில் வளர்ந்தது. கார் விற்பனையாளர்களிடம் காட்சிக்கு வைக்க 1/25 அளவில் மாதிரிகள் செய்துகொண்டிருந்த ஏ.எம்.டி. நிறுவனம், 1958இல் அவற்றைப் பாகங்களாகப் பிரித்து, ஒரே பெட்டியிலிருந்து மூன்று விதமாகச் செய்துகொள்ளும் கிட்களாக விற்றது. 1/24 என்பது ஒரு அடிக்கு அரை அங்குலம் என்கிற அடிக்கோல் கணக்கு. தச்சர்களுக்குச் சொன்னால் உடனே புரியும்.

அந்த அடிக்கோலை வைத்துக்கொண்டு நான் இப்போது ஒரு அம்பாசிடரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன். திருநெல்வேலி ஜங்ஷனில் ரயிலை விட்டு இறங்கியதும் வரிசையாக நின்றிருந்த டாக்ஸிகளை மறக்க முடியவில்லை. இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு காரின் மூன்றாம் வரிசையிலிருந்து பிறந்து, மேற்கு வங்கத்து உத்தரபாராவில் 2014 வரை தயாராகி வந்த கார். நீளம் 4,325 மில்லிமீட்டர். 24ஆல் வகுத்தால் 180. அகலம் 1,662, அது 69. இது பெட்டியில் கிட்டாக வாங்கினதில்லை, எனவே பாடியை நானே செய்ய வேண்டும். மரத்தில் உருவம் செதுக்கி, பாலிஸ்டைரின் தகட்டைச் சூடாக்கி அதன்மேல் போர்த்தி, வாக்குவம் கிளீனரால் கீழிருந்து காற்றை உறிஞ்சினால், தகடு உருவத்தைக் கவ்விப் பிடித்துக்கொள்ளும். உருவத்தைச் செதுக்கித்தர அம்பாசமுத்திரத்தில் சொப்பு செய்கிற ஒருவரைக் கேட்டேன். "கடைசலில் உருண்டையானதுதான் வரும், அண்ணாச்சி. கார் எப்படி வரும்?" என்றார். படத்தைக் காட்டினேன். சற்று நேரம் பார்த்துவிட்டு, "இதில் பாதி உருண்டைதான்" என்று மஞ்சள் கடம்புக் கட்டை ஒன்றை எடுத்தார். நான்கு மட்கார்டுகளைக் கடைசலில் பிடித்து, மிச்சத்தை உளியில் முடித்துக்கொடுத்தார். முதல் மூன்று தகடுகள் கிழிந்துவிட்டன. நான்காவது வந்திருக்கிறது, கூரை மட்டும் கொஞ்சம் மெலிந்து. சக்கரக் குழிகளுக்குப் பூச, திசையன்விளைப் பக்கத்துத் தேரி மண் ஒரு பொட்டலம் வைத்திருக்கிறேன். அந்தச் செம்மண்ணை அரைத்துத் துணியில் சலித்து, ஸ்பிரிட்டில் குழைத்துத் தொட்டுவைத்தால், எந்தக் கம்பெனியின் டப்பாத் தூளும் கிட்டே வராது.

உங்கள் பீட்டிலுக்கு என்ன செய்வது? வெள்ளை மட்டும் பூத்திருந்தால், வறண்ட நாளில் 2000 எண் பேப்பரால் மெல்லத் தேய்த்து ஒரு பூச்சு அடித்தாலே போதும் என்பேன். கோடுகளும் தூர்ந்துவிட்டதால் எல்லாவற்றையும் உரித்துவிடுவதே நல்லது. ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் கிளைக்கால் வகைப் பிரேக் ஆயில், டாட் 3 என்று கேட்டு வாங்குங்கள். முதலில் சட்டத்துண்டு ஒன்றை அதில் ஒரு இரவு ஊறவைத்து, பிளாஸ்டிக்குக்கு எதுவும் ஆகவில்லை என்று உறுதிசெய்த பிறகு பாடியைப் போடுங்கள். கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். மறுநாள் பழைய பல்துலக்கியால் தேய்த்தால் பெயிண்ட் தோலாக உரிந்து வரும். சோப்புப் போட்டு இரண்டு முறை கழுவி எடுத்து வையுங்கள். ஆயிலைச் சாக்கடையில் கொட்டாமல் பட்டறையில் கொடுத்துவிடுங்கள். கோடுகளை ஆழமாக்குவதும், அச்சுக்கோட்டைத் தேய்ப்பதும் மழை நாளிலேயே நடக்கட்டும். பொங்கல் கழிந்து, காலை ஒன்பது மணிக்கு மேல், கருவி 60 சதவீதத்துக்குக் கீழே காட்டுகிற ஒரு நாளில் பிரைமரை எடுங்கள். அன்றைக்குக் காற்று பலமாக இருந்தால், அடுத்த நாள்.